அண்டோராவுக்கு விசா வேணாம், ஆனா விசா இல்லாம போகவும் முடியாது: ஏஜென்ட், பார்டர், பஸ் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ரிவ்யூ

அண்டோராவுக்கு விசா வேணுமான்னு எந்த ஏஜென்ட் கிட்ட கேட்டாலும் "விசா ஃப்ரீ மேடம், ஜாலியா போய்ட்டு வாங்க"ன்னு தான் பதில் வரும். அது பொய் கெடையாது. டூரிஸ்ட்டா வர்ற யார்கிட்டயும் அண்டோரா கவர்மென்ட் விசா கேக்கறதில்ல, பாஸ்போர்ட் உயிரோட இருந்தா 90 நாள் வரைக்கும் இருந்துட்டு போகலாம். ஆனா பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவுல பிரனீஸ் மலைக்குள்ள கெடக்குற நாடு அது, 468 சதுர கிலோமீட்டர் தான், ஏர்போர்ட் இல்ல, ரயில் இல்ல, கடல் இல்ல. முன் வீட்டு கேட்ட தாண்டித்தான் பின் வீட்டுக்குப் போகணும்னா பின் வீட்டுக்காரங்க "வாங்க வாங்க"ன்னு எவ்ளோ கூப்பிட்டாலும் சாவி முன் வீட்டுல தானே இருக்கு, அந்த கதை தான். பிரான்ஸோ ஸ்பெயினோ ரெண்டும் ஷெங்கன், அதாவது ஒரே விசால உள்ளுக்குள்ள பார்டர் செக்கிங் இல்லாம சுத்துற ஐரோப்பிய நாடுங்க கூட்டம், அதனால இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கு ஷெங்கன் விசா இல்லாம அண்டோரா கனவுல தான்.

இத கூட நெறைய பேரு சொல்லிடுவாங்க. சொல்லாம விடுறது அடுத்த பாதி. அண்டோரா ஷெங்கன்ல இல்ல. ஐரோப்பிய யூனியன்லயும் இல்ல. அப்போ ஸ்பெயின்ல இருந்து அண்டோராவுக்குள்ள போற அந்த நிமிஷமே நீங்க ஷெங்கன விட்டு வெளிய வந்தாச்சுன்னு கணக்கு, திரும்பி வர்றது ரெண்டாவது என்ட்ரி. கையில இருக்கறது சிங்கிள் என்ட்ரி விசான்னா அது போகும்போதே முடிஞ்சு போச்சு. அண்டோராவ விட்டு வெளிய வர்ற ரோடு ரெண்டே ரெண்டு தான், ஒண்ணு பிரான்ஸுக்கு போகுது இன்னொண்ணு ஸ்பெயினுக்கு போகுது, ரெண்டு பக்கமும் ஷெங்கன். வேற வழியே கெடையாது. அதனால விசால டபுள் என்ட்ரியோ மல்டிபிள் என்ட்ரியோ இருந்தே ஆகணும், இந்த ரிவ்யூல வேற எதையும் படிக்கலன்னாலும் இத மட்டும் படிச்சிட்டு போங்க.

இப்போ ஏஜென்ட் கதைக்கு வரேன். பேரு சொல்ல விரும்பல, ஆபீஸ் நல்லா தான் வச்சிருக்காங்க, ஏசி, காபி மெஷின், செவுத்துல ஈஃபில் டவர் போஸ்டர் எல்லாம் இருக்கு. நான், எங்க வீட்டுக்காரர், அத்தை மூணு பேருக்கும் பேக்கேஜ் மாதிரி ஒரு சர்வீஸ் சார்ஜ் பேசுனாங்க, அதுல ஃபார்ம் ஃபில் பண்றது, அப்பாயின்ட்மென்ட் புக் பண்றது, இன்சூரன்ஸ், கவர் லெட்டர் எல்லாம் அடக்கம். எங்க பிளான் பார்சிலோனா, நடுவுல அண்டோரா, திரும்ப பார்சிலோனா. அந்த தம்பி டைப் பண்ணிட்டு பிரிண்ட் எடுத்து கையெழுத்துக்கு நீட்டுறாரு, நான் ஒவ்வொரு கட்டமா படிச்சிட்டு வரேன், எத்தனை என்ட்ரி வேணும்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதுல சிங்கிள்னு டிக் போட்டு வச்சிருக்காரு. என்னப்பா நடுவுல அண்டோரா போறோமேன்னு கேட்டா "அது ஷெங்கன்குள்ளயே வந்துரும் மேடம், எல்லாம் ஒரே யூரோ தானே"ங்கறாரு. யூரோ ஓடுனா ஷெங்கன் ஆயிடுமா? அண்டோரால யூரோ தான் ஓடுது, 2011ல ஐரோப்பிய யூனியனோட அதுக்கு ஒப்பந்தமே போட்டாங்க, யூரோ நாணயம் கூட சொந்தமா வெளியிடுறாங்க, ஆனா காசு வேற பார்டர் வேற. அயர்லாந்துலயும் யூரோ தான், அதுவும் ஷெங்கன்ல இல்ல. இத நான் சொன்னதுக்கப்புறம் அவரு உள்ள போய் யாரையோ கேட்டுட்டு வந்து "ஆமா மேடம், மல்டிபிள் போட்டுடலாம், ஆனா குடுக்கறது எம்பசி இஷ்டம்"னாரு. குடுக்கறது அவங்க இஷ்டம் தான், கேக்கறது நம்ம வேலை இல்லையா? கேக்காத ஒண்ண யாரு குடுப்பாங்க.

அதோட விடல. கவர் லெட்டர்ல அண்டோரான்ற வார்த்தையே இல்ல. ஹோட்டல் புக்கிங் மொத்தமும் பார்சிலோனான்னு காட்டி ஒரு டம்மி புக்கிங் வச்சிருந்தாங்க, "எல்லாரும் இப்டி தான் மேடம் பண்றாங்க, விசா வந்ததும் கேன்சல் பண்ணிடுவோம்"னு. இது தான் எனக்கு சுத்தமா புடிக்கல. மல்டிபிள் என்ட்ரி கேக்கறோம்னா ஏன் கேக்கறோம்னு பேப்பர் பேசணும், அண்டோரா ஹோட்டல் புக்கிங், போற பஸ் டிக்கெட், வர்ற பஸ் டிக்கெட், இந்தந்த தேதில ஷெங்கன விட்டு வெளிய போறோம் இந்தந்த தேதில திரும்ப உள்ள வரோம்னு கவர் லெட்டர்ல ரெண்டே வரி, இவ்ளோ தான் விஷயம். அத மறைச்சிட்டு பொய் புக்கிங் வச்சா எம்பசிக்காரங்க ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டு கேட்டாலே முடிஞ்சுது. ரிஜெக்ட் பண்ணும்போது ஒரு பிரிண்ட் ஃபார்ம் குடுப்பாங்க, அதுல காரணம் எல்லாம் வரிசையா இருக்கும், பொய் டாக்குமென்ட்னு ஒரு தனி கட்டமே இருக்கு, அதுல டிக் விழுந்தா அடுத்த தடவை அப்ளை பண்ணும்போதும் அது நம்ம பின்னாடியே வரும். ஏன்னா விசா தகவல் மொத்தமும் எல்லா ஷெங்கன் நாடும் பாக்குற ஒரே சிஸ்டத்துல தான் ஏறுது. ஃப்ரீ கேன்சலேஷன் இருக்குற ஒரிஜினல் புக்கிங் நாமளே போட்டுக்கலாம், அதுக்கு ஏஜென்டே தேவையில்ல, நாங்க அப்டி தான் போட்டோம்.

எந்த நாட்டு எம்பசில அப்ளை பண்றதுன்ற கேள்வி அடுத்து வரும். ரூல் சிம்பிள்: ஷெங்கன்குள்ள எந்த நாட்டுல அதிக நாள் இருக்கீங்களோ அந்த நாடு, ரெண்டுலயும் சமமா இருந்தா மொதல்ல எறங்குற நாடு. அண்டோரால தான் அதிக நாள்னாலும் அது இந்த கணக்குலயே வராது, மெயின் டெஸ்டினேஷன்னு ஒரு கட்டம் இருக்குல்ல அதுல அண்டோரான்னு போடக்கூடாது, ஏன்னா அங்க ஷெங்கன் நாடு பேரு தான் போகணும். பார்சிலோனா வழியா போறவங்க ஸ்பெயின், துலூஸ் வழியா போறவங்க பிரான்ஸ். கூடுதல் தகவல்னு ஒரு எடம் விட்டிருப்பாங்க, அண்டோராவ அங்க எழுதுங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அண்டோராவுக்கு ராஜா ரெண்டு பேரு, ஸ்பெயின் பக்கம் இருக்குற உர்ஜெல் பிஷப் ஒருத்தர், பிரான்ஸ் பிரசிடென்ட் இன்னொருத்தர், 1278ல போட்ட ஒப்பந்தம், 1993ல அரசியல் சட்டம் எழுதுனப்போ கூட அப்டியே வச்சிக்கிட்டாங்க. சோ பிரான்ஸ் பிரசிடென்ட் தான் அந்த நாட்டுக்கு பாதி ராஜா, ஆனா பிரான்ஸோட சிங்கிள் என்ட்ரி விசா வச்சிக்கிட்டு அவரோட இன்னொரு நாட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வர முடியாது.

மத்த பேப்பர் பத்தி நெட்ல ஆயிரம் பேரு எழுதிட்டாங்க, வேகமா சொல்லிட்டு போறேன். பாஸ்போர்ட் கடைசி பத்து வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், ஷெங்கன விட்டு கெளம்புற தேதிக்கு அப்புறம் மூணு மாசமாவது உயிர் இருக்கணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். ஃபீஸ் 2024 ஜூன் 11ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயசு பசங்களுக்கு 45, அதுக்கு கீழ இலவசம். ரிஜெக்ட் ஆனா திரும்ப வராது. இதுக்கு மேல எம்பசிக்காக பேப்பர் வாங்கி வைக்கிற விண்ணப்ப மையத்தோட சர்வீஸ் சார்ஜ் தனி, பொதுவா அது விசா ஃபீஸ்ல பாதிய தாண்டக்கூடாதுன்னு விசா சட்டத்துலயே இருக்கு. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடில இருந்து அப்ளை பண்ணலாம், கடைசி நேரம்னா 15 நாள் முன்னாடி. முடிவு சொல்ல அவங்களுக்கு 15 நாள் டைம், கேஸ் சிக்கலா இருந்தா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம், அதனால அந்த கடைசி தேதிய நம்பி யாரும் உக்காராதீங்க. பேங்க் பேலன்ஸ் விஷயத்துல ஒரு அளவு தெரிஞ்சுக்கணும்னா பிரான்ஸ் கணக்கு ஹோட்டல் புக்கிங் காட்டுனா ஒரு நாளைக்கு 65 யூரோ, காட்டலன்னா 120. ஹோட்டல் புக்கிங்குக்கு எவ்ளோ வெயிட்டுன்னு இதுலயே தெரியும்.

பேர் விஷயம் நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு தனி தலைவலி. அத்தை பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. ஏஜென்ட் ஃபார்ம்ல மாமா பேர சர்நேமா போட்டிருக்காங்க, இன்சூரன்ஸ்ல இனிஷியல் போட்டிருக்காங்க, ஃப்ளைட் டிக்கெட்ல பேரையே ரெண்டு தடவை போட்டிருக்காங்க. ஒரே ஆளுக்கு மூணு பேர். பாஸ்போர்ட்ல எப்டி இருக்கோ அத வச்சு எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்த சொல்லி ஒக்கார வச்சேன், "இதெல்லாம் பிரச்சனையே இல்ல மேடம்"னு முனகிக்கிட்டே மாத்துனாரு. நம்ம ஊர் பேர் வழக்கம் தெரிஞ்ச ஏஜென்ட்னு தானே காசு குடுத்துப் போறோம், அதையே கவனிக்கலன்னா எதுக்கு.

இன்சூரன்ஸ் தான் நான் எல்லாருக்கும் அழுத்தி சொல்ல நெனைக்கிறது. ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோ மெடிக்கல் கவர் வேணும், இது எல்லாருக்கும் தெரியும், ஏஜென்டும் கரெக்டா எடுத்து குடுத்தாங்க. பாலிசிய பிரிச்சு பாத்தா எந்தெந்த நாட்டுல செல்லும்ன்ற எடத்துல "ஷெங்கன் நாடுகள்"னு மட்டும் இருக்கு. விசா ஆபீசருக்கு அது போதும், அவருக்கு வேண்டியது ஷெங்கன் தான். ஆனா அண்டோரா ஷெங்கன் இல்லையே, அங்க அத்தை பனில வழுக்கி விழுந்தா அந்த பாலிசி வெறும் காகிதம். அதுவும் அண்டோராவுக்கு நெறைய பேரு பனிச்சறுக்குக்கு தான் போறாங்க, எலும்பு முறியுற வேலைக்கு போற எடத்துல மட்டும் இன்சூரன்ஸ் இல்லன்னா என்ன அர்த்தம். உலகம் முழுக்க செல்ற பிளானோ இல்ல அண்டோரா பேரு போட்ட பிளானோ கேளுங்க, பனிச்சறுக்கு பண்றதா இருந்தா அதையும் சேத்து கேளுங்க, நெறைய பாலிசில அதுக்கு தனியா காசு கட்டணும். நாங்க மாத்திக்கிட்டதுல பெருசா ஒண்ணும் கூடல.

விண்ணப்ப மையத்துல நடந்தது சுமார் ரகம். உள்ள ஸ்டாஃப் மரியாதையா தான் பேசுனாங்க, ஆனா ஒவ்வொரு கவுன்டர்லயும் ஏதோ ஒண்ண விக்க பாக்குறாங்க, எஸ்எம்எஸ் அலர்ட், லவுஞ்ச், கூரியர், ஜெராக்ஸ், போட்டோன்னு. கூரியர் மட்டும் எடுத்துக்கிட்டோம், மத்ததெல்லாம் இல்லாமலே வேலை நடக்கும், விசா வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கைரேகை குடுத்தாச்சுன்னா 59 மாசத்துக்கு அதையே பயன்படுத்திக்கலாம், எங்க வீட்டுக்காரரு முன்னாடி ஆபீஸ் வேலையா ஜெர்மனி போனப்போ குடுத்தது இருந்துச்சு, அத சொன்னதும் அவருக்கு திரும்ப எடுக்கல.

விசா வந்துச்சு. கூரியர் கவர பிரிச்சதும் எல்லாரும் மொதல்ல போட்டோவ தான் பாப்பாங்க, நீங்க என்ட்ரி கட்டத்த பாருங்க. 01னு இருந்தா ஒரு தடவை, 02னா ரெண்டு தடவை, மல்ட்னு (MULT) இங்கிலீஷ்ல நாலு எழுத்து இருந்தா எத்தனை தடவை வேணா. எங்க மூணு பேருக்கும் மல்ட் வந்துச்சு. பக்கத்துலயே எத்தனை நாள் தங்கலாம்னு ஒரு நம்பர் இருக்கும், அதுக்கும் மேல எழுதியிருக்குற ஆரம்ப தேதி கடைசி தேதிக்கும் வித்தியாசம் உண்டு, 15 நாள் எக்ஸ்ட்ரா சேத்து தான் தேதி போடுவாங்க, அத பாத்துட்டு தங்குற நாளும் கூடிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அண்டோரால இருக்குற நாள் ஷெங்கன் கணக்குல வராது, சட்டப்படி சரி தான். ஆனா அந்த பார்டர்ல எப்பவும் முத்திரை குத்துவாங்கன்னு சொல்ல முடியாது, நாம வெளிய போனதுக்கு ஆதாரம் இல்லாம போகலாம், அதனால அண்டோரா நாளையும் ஷெங்கன் நாள் மாதிரியே எண்ணி பிளான் போடுங்க, தங்குற நாள் நம்பருக்குள்ள மொத்த டிரிப்பும் அடங்கிட்டா எந்த டென்ஷனும் இல்ல.

இன்னொரு நல்ல செய்தி, இந்தியால இருந்து அப்ளை பண்ற இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல்ல ஒரு புது ரூல் கொண்டு வந்தாங்க, மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்கா பயன்படுத்தியிருந்தா அடுத்தது ரெண்டு வருஷ மல்டிபிள், அதுக்கப்புறம் பாஸ்போர்ட்ல உயிர் இருந்தா அஞ்சு வருஷம். அந்த மாதிரி விசா கையில இருக்கறவங்களுக்கு இந்த ரிவ்யூல பாதி தேவையே இல்ல, பஸ் ஏறி போங்க.

பஸ் சர்வீஸ் பத்தி குறை சொல்ல எதுவும் இல்ல. பார்சிலோனா ஏர்போர்ட்ல இருந்தே நேரடி பஸ் இருக்கு, துலூஸ்ல இருந்தும் இருக்கு, எப்டியும் மூணு மூணரை மணி நேரம். அண்டோரா பேர்லயே ஒரு ஏர்போர்ட் மேப்ல தெரியும், லா சேவு துர்ஜெல்னு, அத பாத்து ஏமாறாதீங்க, அந்த நெலம் ஸ்பெயினோடது. ரயில் வேணும்னா துலூஸ்ல இருந்து லோபித்தலே-பிரே-லந்தோர்னு பிரான்ஸ் எல்லைல ஒரு ஸ்டேஷன் வரைக்கும் வந்து அங்க இருந்து பஸ் புடிக்கணும், அழகான ரூட்னு சொல்றாங்க, ஆனா அத்தைய கூட்டிட்டு ரெண்டு மூணு மாத்தி ஏற நாங்க தயாரா இல்ல. பிரான்ஸ் பக்கம் வர்றவங்களுக்கு பாஸ் தெ லா காசா தான் பார்டர், கடல் மட்டத்துக்கு மேல ரெண்டாயிரம் மீட்டருக்கும் அதிகம், அங்க இருந்து என்வலீரா கணவாய் 2,408 மீட்டர், குளிர்காலத்துல பனி கொட்டுனா ரோடு எப்டி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, டன்னல் ஒண்ணு இருக்கு, டோல் கட்டணும். வாடகை கார்ல போறவங்க அந்த கம்பெனி அண்டோராக்குள்ள வண்டிய விடுமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, ஷெங்கன் மாதிரியே இதுவும் "ஐரோப்பா தானே"ன்னு அசால்ட்டா விட்டுடுற விஷயம்.

உள்ள போகும்போது செக்கிங்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்பெயின் பக்கம் லா ஃபார்கா தெ மோலெஸ்னு எல்லை, பஸ் வேகம் கொறஞ்சு மெதுவா உருண்டுச்சு, அண்டோரா கொடி தெரிஞ்சுது, அவ்ளோ தான் நாடு மாறிடுச்சு. அத்தை "இதுக்கா இவ்ளோ அலம்பல்"னு என்ன பாத்து சிரிக்கிறாங்க. நானும் ஒண்ணும் பேசல.

திரும்பி வரும்போது தான் தெரிஞ்சுது. அதே எடத்துல பஸ்ஸ ஓரமா நிறுத்துனாங்க, யூனிஃபார்ம் போட்ட ரெண்டு பேரு ஏறுனாங்க, ஒருத்தரு கீழ லக்கேஜ் டிக்கிய தொறக்க சொல்லி பை பையா பாக்குறாரு, இன்னொருத்தரு சீட் சீட்டா பாஸ்போர்ட் கேட்டுட்டு வராரு. ஐரோப்பிய கார்டு நீட்டுனவங்க கிட்ட ஒரு நொடி கூட நிக்கல. எங்க கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. அத்தை பாஸ்போர்ட்ட வாங்கி மொதல்ல இருந்து ஒவ்வொரு பக்கமா தள்ளிட்டு வந்து விசா ஒட்டுன பக்கத்துல நிறுத்தி, கட்டைவிரல அந்த மல்ட்ன்ற எடத்துக்கு அடியில வச்சு அழுத்தி கீழ தேதிய பாத்தாரு, அப்புறம் அத்தை முகத்த ஒரு தடவை. "கிராசியாஸ்"னு குடுத்துட்டு நகந்துட்டாரு. அந்த கட்டைவிரல் நின்ன எடத்துல 01னு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு தான் எனக்கு ஓடுது. எங்களுக்கு பின்னாடி சீட்ல ஒரு வட இந்திய பையன், ஸ்டூடன்ட், ஸ்பெயின் ரெசிடென்ஸ் கார்டு வச்சிருந்தான், அவனோட ஃப்ரெண்டு ஒருத்தன் சிங்கிள் என்ட்ரில போய் யாரும் செக் பண்ணாம வந்துட்டான்னு பெருமையா சொன்னான். வந்திருக்கலாம். செக்கிங் இருக்குற நாளும் உண்டு இல்லாத நாளும் உண்டு, ஆனா குடும்பத்தோட, திரும்பி போற ஃப்ளைட் டிக்கெட் கையில வச்சிக்கிட்டு, இன்னைக்கு செக்கிங் இருக்காதுன்னு சூதாடுற அளவுக்கு எங்களுக்கு தில் இல்லப்பா.

லக்கேஜ எதுக்கு கிண்டுறாங்கன்னா சிகரெட்டும் சரக்கும். அண்டோரால விற்பனை வரி 4.5 சதவீதம் தான், ஸ்பெயின்ல 21, பிரான்ஸ்ல 20, அதனால மெரிட்செல் ரோடு முழுக்க பெர்ஃப்யூம் கடை, எலக்ட்ரானிக்ஸ் கடை, சரக்கு கடை தான். வாங்குங்க, ஆனா வெளிய எடுத்துட்டு வர்றதுக்கு அளவு இருக்கு: ஒரு ஆளுக்கு 300 சிகரெட், ஸ்ட்ராங் சரக்குன்னா ஒன்றரை லிட்டர், மத்த சாமான் பெரியவங்களுக்கு 900 யூரோ மதிப்பு வரைக்கும். எங்க பஸ்லயே ஒருத்தரு பைல இருந்து சிகரெட் கார்ட்டன் எடுத்துக்கிட்டே இருந்தாங்க, அவரால மொத்த பஸ்ஸும் காத்துக்கிட்டு நின்னுச்சு.

பாஸ்போர்ட்ல அண்டோரா முத்திரை வேணும்னு ஆசைப்படுறவங்க பஸ்ல போனா கஷ்டம், கார்ல போறவங்க பார்டர்ல எறங்கி கேட்டு வாங்குறாங்க. ஷெங்கன் பக்கம் இனிமே முத்திரையே பழைய கதை தான், 2025 அக்டோபர் 12ல இருந்து முகம், கைரேகை எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துற சிஸ்டம் வந்தாச்சு. முன்னாடி பேஜ் பேஜா தேடி நாள் எண்ணுவாங்க, இப்போ எத்தனை நாள் இருந்தோம்னு மெஷினே சொல்லிடும், எந்த 180 நாள்லயும் 90 நாளுக்கு மேல ஷெங்கன்ல இருக்கக்கூடாதுன்ற கணக்குல கோட்டை விட்டா மாட்டுறது இன்னும் ஈஸி.

இதே மாதிரி குட்டி நாடு எல்லாமே ஒரே ரூல்னு மட்டும் நெனைக்காதீங்க, ஏஜென்டுங்க இங்க தான் குழப்புறாங்க. லிக்டன்ஸ்டைன் 2011 டிசம்பர்ல இருந்து ஷெங்கன் நாடே தான், சுவிஸ்ல இருந்து பஸ்ல போய்ட்டு வந்தா என்ட்ரி எதுவும் எண்ணப்படாது. சான் மரினோ, வத்திக்கான் ரெண்டும் ஷெங்கன்ல சேரல, ஆனா இத்தாலிக்கும் அதுக்கும் நடுவுல பாஸ்போர்ட் செக்கிங்கே இல்ல, சிங்கிள் என்ட்ரி வச்சிக்கிட்டு தாராளமா போகலாம், சான் மரினோல டூரிஸ்ட் ஆபீஸ்ல காசு குடுத்தா ஆசைக்கு ஒரு முத்திரையும் குத்தி தருவாங்க. மொனாக்கோ பிரான்ஸோட ஒட்டிக்கிட்டு இருக்கு, தடையே தெரியாது. இந்த வரிசைல போலீஸ் நிறுத்தி என்ட்ரி கட்டத்த பாக்குறது அண்டோரா ஒண்ணு தான்.

மார்க் போடணும்னா, அண்டோரா நாட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு, அவங்க பக்கத்துல இருந்து ஒரு பேப்பர் கேக்கல, ஹோட்டல்ல ஒரு ராத்திரிக்கு சின்னதா டூரிஸ்ட் டாக்ஸ் வாங்குறாங்க, அத கூட குறையா சொல்ல மாட்டேன், கல்டேயா வெந்நீர் குளத்துல அத்தை எழுந்து வரவே மாட்டேன்னுட்டாங்க. பஸ்ஸுக்கு நாலரை. விண்ணப்ப மையத்துக்கு மூணு. ஏஜென்டுக்கு ஒண்ணரை, அதுவும் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் புடிச்சு குடுத்தாங்கன்னு தான். என்ட்ரி கட்டம், பேர், இன்சூரன்ஸ், ஹோட்டல்னு முக்கியமான நாலுலயும் நானே உக்காந்து திருத்தியிருக்கேன், அதுக்கு சர்வீஸ் சார்ஜ்ல கொஞ்சம் கொறைக்க சொன்னா "அது சிஸ்டம்ல ஏறிடுச்சு மேடம்"னு பதில்.

சிம் கார்டு மேட்டர் ஒண்ணு பாக்கி. ஸ்பெயின்ல வாங்குன சிம்ல ஐரோப்பா முழுக்க ரோமிங் ஃப்ரீன்னு போட்டிருப்பான், அது ஐரோப்பிய யூனியன் சலுகை, அண்டோரா அதுக்குள்ள வராது. உள்ள ஒரே ஒரு டெலிகாம் கம்பெனி தான். உங்க பிளான்ல அண்டோரா பேரு இருக்கான்னு கேட்டுக்கோங்க, இல்லன்னா பார்டர் வர்றதுக்கு முன்னாடியே டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு ஹோட்டல் வைஃபைல பொழப்ப ஓட்டுங்க, பஸ் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் ஃபோன்ல சேவ் பண்ணி வச்சிக்கோங்க.

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கு மேல சொன்ன விசா கதை எதுவுமே கெடையாது, ஷெங்கன்ல 180 நாள்ல 90 நாள் விசா இல்லாமலே இருக்கலாம், அண்டோராவுக்கு எத்தனை தடவை வேணா உள்ள வெளிய போகலாம். ஆனா அவங்களுக்கு ஈடியாஸ்னு ஒரு ஆன்லைன் அனுமதி வரப்போகுது, 2026 கடைசி மூணு மாசத்துல ஆரம்பிக்கறதா சொல்லியிருக்காங்க, ஃபீஸ் 20 யூரோ. விசா எடுத்துப் போற நமக்கு அது தேவையில்ல, அதனால எந்த ஏஜென்டாவது ஷெங்கன் விசாவுக்கு மேல ஈடியாஸுக்கும் காசு கேட்டா குடுக்காதீங்க.